தெய்வநாயகத்தின் இருப்பு மனு

தெய்வநாயகம் செத்து நாற்பதாம் நாள், காலை பத்தேகாலுக்கு அலுவலகம் வந்தார். உயிரோடிருந்த காலத்திலும் பத்தேகாலுக்குத்தான் வருவார். ஆகவே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்டவள் ஒருத்திதான், அவர் மனைவி செண்பகவடிவு. பணியில் இருக்கும்போதே செத்தவர் என்பதால் கருணை அடிப்படையில் அவருடைய வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கென்று கிடைத்த முதல் நாற்காலி அது. வீட்டிலும் ஒன்று இருந்தது. அதில் அவர் உட்காருவார், அவள் நிற்பாள்.

அவர் ரத்தக்காட்டேரியாகத் திரும்பியிருந்தார். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. செர்பியா, ருமேனியா பக்கத்துக் கிராமங்களில் நடப்பிலுள்ள விதிகளைப் போன வருஷம் நம் மாவட்டத்துக்கும் நீட்டித்து ஆணை வந்திருந்தது. பிணத்தைப் பூனை தாண்டினால் பிணம் எழுந்துவந்து ரத்தம் குடிக்கும் என்பது மூன்றாவது விதி. தெய்வநாயகம் மேசையில் தலைவைத்தபடி மதியமே செத்துப்போனார். வழக்கமான தூக்கம்தான் என்று சாயங்காலம்வரை விட்டுவிட்டார்கள். அலுவலகப் பூனை நாலு தடவை தாண்டியது.

கோரைப்பல், கறுப்பு அங்கி என்று நினைத்து எட்டிப்பார்த்தவர்கள் ஏமாந்துபோனார்கள். அதெல்லாம் சினிமா. விதிப்படி அவர் உடம்பு உப்பி, முகம் சிவந்து, நகம் வளர்ந்திருந்தது. கல்யாணப் பந்தியிலிருந்து நேரே எழுந்து வந்தவர் மாதிரி இருந்தார். உயிரோடிருந்தபோது ஒருநாளும் மனுஷன் இவ்வளவு தெளிச்சியாக இருந்ததில்லை.

நேராக அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏட்டி, எந்திரி."

"என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"அது என் சீட்டு."

"மனு இருக்கா?"

இருந்தது. தான் இருப்பதாகச் சான்று வழங்குமாறு தன்னுடைய கோணல் கையெழுத்தில் கேட்டிருந்தார். அவள் அதை வாங்கிக்கொண்டுபோய் மேலாளர் கிருபாகரனிடம் கொடுத்தாள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"அஞ்சாவது விதிம்மா. உள்ள இருக்கவங்க கூப்பிடாம அவரு நுழைய முடியாது. நடைபாதை பொது. மேசை ஒவ்வொண்ணும் ஒரு வீடு மாதிரி."

"கூப்பிட்டா?"

"வந்து உக்காருவாரு. உக்காந்துட்டா அவரு இருக்கதா அர்த்தம். நீங்க வீட்டுக்குப் போயிரணும். ரெண்டு மணிக்குள்ள உக்காரலைன்னா மனு தள்ளுபடி."

"யாரு கூப்பிடணும்?"

"உங்க மேசைக்கு நீங்கதான்."

செண்பகவடிவு சும்மா இருக்கவில்லை. ஒன்பதாவது விதியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய்க் கால் கிலோ கடுகு வாங்கிவந்து அவர் காலடியில் கொட்டினாள். கொட்டிய தானியத்தை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்காமல் காட்டேரி அடுத்த அடி வைக்கக்கூடாது. செர்பியாவில் ஊரே இப்படித்தான் பிழைத்துக்கிடக்கிறதாம்.

தெய்வநாயகம் குனிந்துகூடப் பார்க்கவில்லை. 'சுமார் ஒரு லட்சம்' என்று ஒரு சீட்டில் எழுதி, சுருக்கொப்பம் போட்டு, சரிபார்க்கச் சொல்லிப் புள்ளியியல் பிரிவுக்கு அனுப்பினார். காகிதத்தில் எண்ணிக்கை முடிந்துவிட்டதால் அவர் கால் விடுபட்டது. இருபத்தாறு வருஷம் அவர் வெட்டி முறித்ததெல்லாம் இந்த லட்சணத்தில்தான். புள்ளியியல் பிரிவிலிருந்து மூன்று பேர் வந்து தரையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். இந்த ஆளுக்கா பயந்து பயந்து சோறு வடித்தோம் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மணி ஒன்று அடித்தது. எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள்.

அங்கேதான் வினை. டப்பாவைத் திறக்கும்போது எதிரே ஒருத்தர் நின்றால் 'வாங்க, சாப்பிடலாம்' என்று கூப்பிடாமல் நம் ஆட்கள் ஒரு வாய் வைக்கமாட்டார்கள். வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் கூப்பிடுவது. ஓய்வுபெற ஆறு மாதம் இருந்த பியூன் இசக்கிமுத்து முதலில் வாயைத் திறந்தார்.

"வாங்க சார், சாப்பிடலாம்."

தெய்வநாயகம் போனார். இசக்கிமுத்துவின் நெஞ்சாங்கூட்டில் வாயை வைத்து நிதானமாகக் குடித்தார்.

"போதுமா சார்?"

"உப்புக் கம்மி."

பார்த்துக்கொண்டிருந்த தட்டச்சர் பொற்கொடிக்கு விஷயம் நன்றாகவே புரிந்தது. புரிந்தும் அவர் தன் பக்கம் திரும்பியதும், "வாங்க சார், சாப்பிடலாம்" என்றாள். அப்படியே ஒவ்வொரு மேசையாக நடந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் அவர் செண்பகவடிவின் மேசைக்கு இரண்டு அடி கிட்டே வந்தார். கிருபாகரனும் கூப்பிட்டார். "மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்று வெளுத்த உதட்டைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு மரியாதை தெரிந்த ஜென்மங்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

ஒன்றே முக்காலுக்குப் பாக்கி ஒரு மேசைதான். தெய்வநாயகம் அதன் முன்னால் வந்து நின்றார். செண்பகவடிவு டிபன் கேரியரின் முதல் அடுக்கைத் திறந்தாள். தயிர்ச்சோறு. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

"யக்கா, ஒரு வார்த்தை சொல்லிருங்க. புருஷன் நிக்காருல்லா" என்று பொற்கொடி மெல்லச் சொன்னாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் நிற்க, அவள் சாப்பிட்டது கிடையாது. அந்த வார்த்தை பழக்கத்தில் தானாகக் கிளம்பி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் அதன்மேல் ஒரு கவளம் சோற்றை வைத்து அடைத்தாள்.

இரண்டாவது கவளத்தில் அவர் நகங்கள் உள்ளே போயின. நாலாவதில் முகச் சிவப்பு வடிந்தது.

"ஏட்டி, நான் நிக்கேன்."

"நில்லுங்க."

"ஒரு வார்த்தை கூப்பிட்டா உனக்கு என்ன கொறஞ்சிரும்?"

"செத்தும் உக்காரத்தானே வந்திருக்கீங்க. சாப்பிட்டியான்னு என்னை ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டிருக்கீங்களா?"

தெய்வநாயகம் யோசித்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் இல்லாத கனிவோடு கேட்டார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

மணி இரண்டு அடித்தது. அவள் அடுத்த அடுக்கைத் திறந்தாள்.