அண்ணன் பார்க்க விரும்பிய கற்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள், ஒருநாள் லீவு போட்டுவிட்டு ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பழைய ஊருக்கு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அங்கே ஏழு புனிதக் கற்கள் நிற்கின்றன. உச்சி முதல் அடிவரை பழங்கால எழுத்து. இருபத்திரண்டு வருடமாக அவள் தள்ளிப்போட்டு வந்த பயணம்.

அந்தக் கற்கள்மேல் பைத்தியமாக இருந்தவன் அவளுடைய அண்ணன். பரீட்சைக்குப் படிப்பதாகக் கதவைச் சாத்திக்கொண்டு, நூலகத்துப் படங்களைப் பார்த்து அந்த எழுத்துகளை நோட்டு நோட்டாக எழுதிப் பழகுவான். "ஒருநாள் நாம ரெண்டு பேரும் நேர்ல போய்ப் பாக்கலாம்" என்பான். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. வாய் சும்மா இருக்கவில்லை. ஏதோ சின்னச் சண்டையில் அப்பாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டாள். அப்பா ஒன்பது நோட்டையும் அடுப்பில் போட்டார். மறுநாள் விடிந்தபோது அண்ணனின் படுக்கை மடித்து வைத்திருந்தது, ஆள் இல்லை. அப்பா இறந்ததற்குக்கூட அவன் வரவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் கற்களைச் சுற்றி வந்தாள். நான்காவது கல்லில் மீன்முள் போல ஓர் எழுத்து. ஒருமுறை அண்ணன் அதை அவள் உள்ளங்கையில் பேனாவால் எழுதி, "இதுதான் உன் பேரோட முதல் எழுத்து" என்று காட்டியிருந்தான். அதன் முன்னாலேயே நின்றாள்.

"படிக்கத் தெரியுமாம்மா?" என்றார் காவலாளி.

"ஒரே ஒரு எழுத்து தெரியும்."

"அப்போ என்னைவிட ஒண்ணு கூட. பத்தொன்பது வருஷமா இதுங்களோட இருக்கேன். இதுங்களும் சொல்லல, நானும் கேக்கல."

வெளியே வரும்போது கையெழுத்துப் போடப் பதிவேட்டை நீட்டினார். அவள் சும்மா பழைய பக்கங்களைப் புரட்டினாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் கை நின்றது. இடப்பக்கம் சாயும் அந்தக் கையெழுத்துக்குப் பெயரைப் படிக்கவே தேவையில்லை. ஊர் என்ற இடத்தில் வெறும் கோடு. கருத்து: 'தங்கையைக் கூட்டி வர வேண்டும்.'

படியில் உட்கார்ந்துவிட்டாள். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"தெரிஞ்சவராம்மா?"

"என் அண்ணன்."

"அப்பப்போ வருவார். யார்கிட்டயும் பேச மாட்டார்."

அவன் எழுதியதற்கு அடியில் இருந்த இடத்தில் அவள் எழுதினாள்: 'வந்து பார்த்துவிட்டேன் அண்ணா. அன்று நான் சொன்னது தப்பு.' பக்கத்தில் தன் நம்பர்.

எட்டு மாதம் கழித்து, கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், காவலாளி போனில் கூப்பிட்டார்.

"உங்க அண்ணன் வந்திருந்தார்மா. அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னார்."

"நம்பரை எழுதிக்கிட்டாரா?"

"இல்லம்மா. பேப்பர் கொடுத்தேன், வேணாம்னுட்டார்."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள்.

"கீழ ஏதோ எழுதியிருக்கார். படிக்கட்டுமா?"

"படிங்க."

"'தப்பு ஒன்றுமில்லை. நம்பர் மனப்பாடம் ஆகிவிட்டது. கொஞ்சம் தைரியம் வந்ததும் கூப்பிடுகிறேன்.' அவ்வளவுதான்மா."

அதிலிருந்து போன் அவள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தெரியாத நம்பர் என்றால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறாள். நேற்று வந்தது ராங் நம்பர். அதையும் உடனே வைக்க மனமில்லாமல், "உங்களுக்கு யார் வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.