புழுதிக்குள் ஒரு சிவப்பு

கை ஒடிந்தவனுக்கு வாயும் கொஞ்ச நாள் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்று கடவுள் ஒரு சட்டம் போட்டிருக்கலாம். போடவில்லை. மாவுக்கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, டூசான் நகரில் வண்டியில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து எவாரிஸ்தோ பெண்டாட்டிக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டே வந்தார். லாலி இருபது வருஷமாகக் குதிரை ட்ரெய்லர் இழுக்கிறவள். போன மாதம் குதிரையிலிருந்து உருண்டு விழுந்த மகானுபாவர் அவர்தான். ஆனாலும் கண்ணாடியைப் பார், இடைவெளி விடு, குழியில் இறக்காதே என்று ஓயவில்லை. லாலி இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள்.

அவள் கவலையெல்லாம் பின்னால் வந்தது. மகள் நெரேய்டா பழைய பிக்கப்பில் இரண்டாவது ட்ரெய்லரைக் கட்டி இழுத்துக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தாள். அப்பா ஓட்ட வேண்டிய வண்டி அது. மறுநாள் காசா கிராண்டேயில் பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து ஆடும் குதிரையாட்டம்; அணியில் பாதிக் குதிரைகள் இவர்களுடையவை. இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. பத்தொன்பது வயசுப் பெண், குதிரைகளோடு நெடுஞ்சாலையில் அவளுக்கு இதுதான் முதல் தடவை.

கிளம்புமுன் கொக்கியை ஆட்டிப் பார்த்தாயிற்று, சங்கிலியை மாட்டியாயிற்று. லாலி உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்க, நெரேய்டா ட்ரெய்லருக்குப் பின்னால் நின்று இடது எரியுது, வலது எரியுது, பிரேக் எரியுது என்று கத்தினாள். எல்லாம் எரிந்தது. அப்புறம்தான் லாலி மகளிடம் அதைச் சொன்னாள்.

"வழியில என்ன ஆனாலும் சரி, என் ட்ரெய்லர் லைட்ட விட்டுடாத கண்ணு. அது போற எடத்துக்கு நீ வா. போனத் தொடவே தொடாத."

சொன்னபோது அது நல்ல புத்தியாகத்தான் இருந்தது.

பிக்காச்சோ மலை தெரிந்துகொண்டிருந்தது. அப்புறம் தெரியவில்லை. சாயங்காலம் ஆகியிருக்கவில்லை, வெயில் பளீரென்று இருந்தது, ஆனால் இடப்பக்கத்தில் தரையிலிருந்து வானம் வரைக்கும் பழுப்பாக ஒன்று நின்றது. நிற்கவில்லை, வந்துகொண்டிருந்தது. ஜூலை மாதத்துப் புழுதிப்புயல். நெடுஞ்சாலையை விட்டு இறங்குகிற அடுத்த வெளிவழியைப் பிடித்துவிடலாம் என்று லாலி நினைத்தாள். பாதித் தூரம் போவதற்குள் அது சாலையை விழுங்கிவிட்டது.

என்ன செய்ய வேண்டுமென்று அவளுக்குத் தெரியும். இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது, வழியெல்லாம் பலகை வைத்திருக்கிறார்கள். வலது இண்டிகேட்டரைப் போட்டாள். குதிரைகள் நிற்கிற ட்ரெய்லரை வைத்துக்கொண்டு பிரேக்கைச் சடாரென்று மிதித்தால் அது பின்னாலிருந்து தள்ளிப் பக்கவாட்டில் திரும்பும் என்பதால், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சாலையை விட்டே இறங்கி, சரளையில் முள்கம்பி வேலி வரைக்கும் போய் நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். எல்லா விளக்கையும் அணைத்தாள்.

"ஏன் அணைச்ச?" என்றார் எவாரிஸ்தோ.

எரியவிட்டால் சாலையில் வருகிறவன் இந்த விளக்கைப் பார்த்து, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, இதன் பின்னால் போனால் பிழைத்தோம் என்று நேராக வந்து ஏறுவான் என்றாள் லாலி. பலகையில் போட்டிருப்பதும் அதுதான்.

"வர்றது எவனோ இல்ல லாலி, நம்ம பொண்ணு. லைட்ட விடாதன்னு நீதான அவகிட்ட சொன்ன?"

லாலி போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. போனைத் தொடாதே என்று சொன்ன வாயைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையைப் பெற்றதற்கு அன்றைக்கு மாதிரி அவள் என்றைக்கும் பயந்ததில்லை.

எவாரிஸ்தோ இடது கையை நீட்டி, நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குகிற பொத்தானை அமுக்கினார். லாலி அணைத்தாள். மறுபடியும் அமுக்கினார். அவள் அந்தக் கையிலேயே ஓர் அடி வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்மேல் கை வைத்ததில்லை. அவர் கையை அக்குளில் செருகிக்கொண்டு, பாவி, பிள்ளை இருட்டில் நம்மைத் தேடிக்கொண்டு வருவாளே என்று அழுதார். அவர் சொன்னதும் பொய்யில்லை, அதுதான் கொடுமை. விளக்கைப் போட்டால் மகள் வந்து மோதுவாள். போடாவிட்டால், விளக்கு எங்கே எங்கே என்று நடுச்சாலையிலேயே போய் லாரியில் மாட்டுவாள். லாலிக்கு இரண்டும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

வண்டிக்குள்ளேயே புழுதி நெடி அடித்தது. பின்னால் குதிரைகள் பலகையை உதைத்தன. சாலைப் பக்கம் ஏதோ பெரிய வண்டி இரைந்துகொண்டு போனது, பார்க்க ஒன்றுமில்லை. லாலி பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்க வேண்டும். ட்ரெய்லருக்குப் பின்னால் புழுதி சிவப்பாக இருந்தது.

மறுபடியும் அமுக்கித் தொலைத்துவிட்டாரா என்று புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கை அக்குளில்தான் இருந்தது. பொத்தானைப் பார்த்தாள், அணைந்துதான் இருந்தது. சிவப்பு மினுக்கவுமில்லை, ஒரே சீராக எரிந்தது. அந்தச் சிவப்புக்கு நடுவில் இரண்டு மஞ்சள் வெளிச்சம் கிளம்பியது. சாலையில் இல்லை. இவர்கள் இறங்கிய சரளையில், இவர்கள் தடத்திலேயே, நேராக வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் தன் வலது கால் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. நிறுத்தியதிலிருந்து பிரேக்கை விட்டு எடுக்கவே இல்லை. ஹேண்ட் பிரேக்கையும் போட்டு, எல்லா விளக்கையும் அணைத்து, புருஷன் கையில் அடியும் வைத்து, தானே பயத்தில் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். சுட்டதுபோல் காலைத் தூக்கினாள். சிவப்பு போயிற்று. மஞ்சள் போகவில்லை, பெரிதானது. பின் சட்டென்று தலை குனிந்ததுபோல் இறங்கியது. சரளை பறக்கிற சத்தம் கேட்டது. லாலி ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு இடிக்காகக் காத்திருந்தாள்.

இடி வரவில்லை. கொஞ்சம் தள்ளி, வேறெங்கோ, தகரம் நசுங்குகிற சத்தம் மட்டும் வந்தது.

இறங்கக் கூடாது என்று தெரியும், இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புழுதி கொஞ்சம் வெளுத்து வேலிக்கம்பி தெரிந்ததும் எதையும் தொடாமல் சும்மா இருக்கச் சொல்லிப் புருஷனை உட்கார்த்திவிட்டு ஓடினாள்.

நெரேய்டாவின் பிக்கப் அவர்கள் ட்ரெய்லர் கதவுக்குப் பின்னால் நின்றது. நடுவில் விரித்த கை ஒன்று வைக்க இடம் இருந்தது, அவ்வளவுதான். மகள் சன்னலை இறக்கினாள். முகம் வெளிறிப்போய்ச் சிரித்தாள்.

"நல்லவேளைம்மா, உன் லைட்டு எரிஞ்சுது. நீ போயிக்கிட்டே இருக்கேன்னு நெனச்சு அதப் புடிச்சுக்கிட்டே வந்தேன். திடீர்னு அணைஞ்சுச்சா, பயந்துபோயி ஒரே அமுக்கு."

லாலி கதவைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது.

பின்னால் ஒரு சின்னக் கார் நெரேய்டாவின் ட்ரெய்லரில் மூக்கை நசுக்கிக்கொண்டு நின்றது. குதிரைகள் மிரண்டு நின்றன, காயமில்லை. கார்க்காரர் ரத்தம் வடியும் மூக்கைச் சட்டையால் பொத்திக்கொண்டு, உங்கள் விளக்கு போன வழிதான் சாலை என்று நினைத்தேன் என்றார். மகளின் ட்ரெய்லரில் அந்த விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நாலு இண்டிகேட்டரும் மினுக்கின, அவற்றோடு பிரேக்கின் சிவப்பும் அசையாமல் எரிந்தது. அவருக்குப் பின்னால் சாலைப் பக்கம் மறுபடியும் புழுதி இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் வந்ததைவிட அது உயரம்.

லாலி கார்க்காரரிடம் விளக்கை அணைத்துப் பெல்ட்டைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து மடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னாள். தன் வண்டிக்குத் திரும்ப நேரமில்லை. மகளின் பிக்கப்பில் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள். பொத்தானை அமுக்கினாள், மினுக்கல் நின்றது. முன் விளக்கைத் திருகி அணைத்தாள். ஹேண்ட் பிரேக்கைப் போடவைத்தாள்.

"என் லைட்டு உன்னக் காப்பாத்தல, கண்ணு. நான் மறந்துபோயி பிரேக்க மிதிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உன்னக் கொன்னிருப்பேன். இப்ப நீயும் அதத்தான் செய்யுற. கால எடு."

நெரேய்டா குனிந்து பார்த்தாள். "முடியலம்மா. எடுத்தா தானா திரும்பப் போகுது." தொடையிலிருந்து கால் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

லாலி குனிந்து அந்தக் காலைப் பூட்ஸோடு தூக்கி, ஒரே நீளமான அந்தச் சீட்டில் தன் மடிமேல் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் சிவப்பு இல்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியும் இல்லை. புழுதிக்குள் எங்கேயோ ஒரு லாரி வருகிற சத்தம் கேட்டது, பக்கத்தில் கேட்டது, கால் அவள் கைக்குள் துள்ளியது, அவள் விடவில்லை.