உருண்டை மணல்

என் வீட்டுக்காரருக்குக் கண் மங்கியதிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளை வாசித்துக் காட்டுவது என் வேலை. ஆறு மணலை எப்படி அடித்துக்கொண்டு போகிறது என்பதில் அவர் பெரிய பேராசிரியர். அவர் பெயராலேயே ஒரு சூத்திரம் இருக்கிறது. எனக்கோ ஒரு வரியும் விளங்காது. ஆனாலும் புரியாததைத் தங்குதடையில்லாமல் வாசிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அன்று எங்கள் மகள் போன் செய்தாள். அவளும் அதே துறையில் விரிவுரையாளர்.

"அம்மா, அப்பாவோட சூத்திரம் சரியா வரலைன்னு ஒரு கட்டுரை எழுதி உனக்கு அனுப்பியிருக்கேன். நீயே பக்குவமா சொல்லு. அவர் மனசு கஷ்டப்பட்டா இதை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்ப மாட்டேன்."

அவள் வேலை நிரந்தரமாவதே இந்தக் கட்டுரையை நம்பித்தான். இவருக்கோ கண்ணும் போய், வகுப்பும் போய், மிச்சம் அந்தச் சூத்திரம் ஒன்றுதான். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

கடைசியில் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். எழுதியது யார் என்று சொல்லாமல், இவர் பெயர் வந்த இடத்திலெல்லாம் 'ஒருவர்' என்று போட்டு வாசித்தேன்.

பாதியிலேயே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மணல் எல்லாம் உருண்டைன்னு வெச்சுக்கிட்டா கணக்குப் போட்டான்? எந்த மடையன் அவன்? மணலைக் கையில எடுத்தாவது பார்த்திருக்கானா?"

"பார்த்தவர்தான். கல்யாணமான புதுசுல நம்ம படுக்கையெல்லாம் மணல்தான்."

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நானா? உருண்டைன்னா போட்டேன்?"

"முதல் பக்கத்துலயே போட்டிருக்கீங்களாம்."

பாவமாக இருந்தது. வாயைக் கொடுத்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"இத்தனை வருஷமா யாருமே கேக்கலையே?"

"நீங்க எங்க கேக்க விட்டீங்க?"

"இவன் மட்டும் எப்படிக் கேட்டான்?"

"இவன் இல்லை, இவள். நீங்க பெத்ததுதான். உங்களுக்கு வருத்தம்னா கிழிச்சுப் போட்டுடுவாளாம்."

உடனே போனைப் போடச் சொன்னார்.

"சிறு குறைன்னு எழுதியிருக்கியே, என்ன மழுப்பல் அது? தப்புன்னு எழுது. நாளைக்கே அனுப்பு. என்ன, அழறியா? அழுதுக்கிட்டே திருத்தாதே, பிழை வரும்."

போனை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கண்ணாடியால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"முதல்லேருந்து படி," என்றார். "இந்தத் தடவை பேரோட."