கதவுக்குப் பின்னால் தொங்கிய பிடில்

பவுல் மூன்றாவது தடவையும் அளந்து பார்த்துவிட்டு உளியைக் கீழே போட்டான். சவப்பெட்டியின் மூடிக்குத் தலைமாட்டில் இரண்டரை அடி பலகை குறைந்தது. யுத்தம் வந்ததிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிற மரமெல்லாம் சர்க்காருக்கே போய்க்கொண்டிருந்தது. செத்தவருக்குக்கூடப் பலகைப் பஞ்சம்.

"யக்கா, தப்பா நெனைக்காதிய. கதவுக்குப் பின்னால நம்ம சார் வரைஞ்ச பலகைப் படம் தொங்குதுல்லா? நல்ல தேக்கு. அளவும் சரியா இருக்கும். எடுத்துக்கிடட்டா?"

புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த ஜீவமணி தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் படம் மண்ணுக்குள் போய்த் தொலையட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக உடனே வெட்கப்பட்டாள்.

தேவபிரசாதம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். மூன்று நாள் காய்ச்சல், விடியும்போது போய்விட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம்.

போன வருஷம் பர்மா அரிசி நின்றுபோய் ஊரே கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டாயிற்று என்று சொல்லித் தம் பங்குக் கஞ்சியை அவளுக்கு வைத்துவிடுவார். மனுஷனுடைய விலா எலும்பை எண்ணிவிடலாம் என்றாகிவிட்டது. அவர் பரீட்சை வேலையாக நாசரேத் போன அன்று, அவருடைய அப்பா வேதக்கோயிலில் வாசித்த பிடிலை ஜீவமணி ஒரு தோணிக்காரரிடம் கொடுத்து ஒரு மூட்டை அரிசி வாங்கினாள். அரிசி சாத்தான்குளத்து அண்ணன் அனுப்பியது, பிடிலைத் திருடன் கொண்டுபோய்விட்டான் என்று இரண்டு பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை கேட்டிருக்கிறோம். இவள் ஒரு பிடிலையே மறைத்தாள்.

பொய்க்கு ஒரு திருடன் வேண்டுமே. பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த சுடலைமாடத்தியைத் தெரு சந்தேகப்பட்டது. ஜீவமணி ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாடத்தி வேலைக்கு வராமல் நின்றாள். பிறகு அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அவளைச் சேர்க்கவில்லை.

அவர் மட்டும் திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. துறைமுகத்தில் உடைத்த பழைய தோணியிலிருந்து கிடைத்த தேக்குப் பலகையை வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்துவிட்டார். பிடிலின் கழுத்து ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம், நரம்பு தனியே.

"என்னங்க இது? பிடிலை எறச்சிக் கடையில வெட்டிப் போட்ட மாதிரி இருக்கு."

"முன்பக்கம் பின்பக்கம் எல்லாத்தையும் ஒரே நேரத்துல பாக்கணும் ஜீவா. சீமையில இப்பம் இப்படித்தான் வரையுதாவ," என்று சிரித்தார்.

அவளால் அதைப் பார்க்கவே முடியவில்லை. வருகிறவர்கள் கேலி செய்வார்கள் என்று சொல்லி, கதவுக்குப் பின்னால் இருட்டில் மாட்டவைத்தாள்.

இப்போது பவுல் அதைத் தூக்கிக்கொண்டு முற்றத்து வெயிலுக்குப் போனான். அவளும் எழுந்து பின்னால் போனாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அதை நேராகப் பார்த்தாள். வெட்டுண்ட பிடிலுக்கு அடியில் மேஜை விரிப்பு என்று அவள் நினைத்திருந்தது விரிப்பே இல்லை, சாக்கு. ஓரத்தில் இரண்டு நீலக்கோடு. பக்கத்தில் நாலைந்து அரிசி சிந்திக் கிடந்தது.

தோணிக்காரர் அரிசி கட்டிக் கொடுத்த அந்தச் சாக்கைத்தான் அவள் வெட்டி வாசலில் கால்மிதியாகப் போட்டிருந்தாள். தினமும் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதில் காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். துறைமுகத்துச் சாக்கு என்று பார்த்ததுமே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்.

"படம் உள்பக்கமாக்கா, வெளிப்பக்கமா? மூடுததுக்குக் கறுப்புத் துணியும் கெடைக்கல. வெளிய வச்சா தெருவே பாக்கும்."

"உள்பக்கம்," என்றாள் அவசரமாக.

அப்போதுதான் வேலிக்கு வெளியே, கையில் பூவோடு சுடலைமாடத்தி நிற்பது தெரிந்தது. துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் அவளைக் கண்டதும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஜீவமணி வேலிவரை நடந்து போனாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லத்தான் நினைத்தாள், குரல் எழும்பவில்லை.

"ஏளா மாடத்தி, பிடிலை நீ எடுக்கல. நாந்தான் குடுத்தேன். அரிசிக்கு."

"தெரியும்மா."

"தெரியுமா?"

"அந்த வாரமே ஐயா எங்க குடிசைக்கு வந்து சொல்லிட்டாவ. 'நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும். அவ வாயால சொல்லட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கோ'ன்னாவ. அப்பப்ப வந்து அரிசி குடுத்துட்டுப் போவாவ." மாடத்தியின் குரல் கெட்டிப்பட்டது. "நானும் பொறுத்தேன். ஒரு வருசம் ஆச்சி."

முந்தாநாள் காய்ச்சலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன ஜீவா, ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டிருந்தார். இவள், "பேசாம தூங்குங்க," என்று போர்வையை இழுத்துவிட்டிருந்தாள்.

"பவுலு!"

இந்தத் தடவை குரல் எழும்பியது. சுத்தியல் சத்தம் நின்றது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"படத்த வெளிப்பக்கமா வச்சு அடி. பிடிலை யாரும் திருடல. நாந்தான் அரிசிக்குக் குடுத்தேன்."

பவுல் அடித்த ஆணியைக் குறட்டால் பிடுங்கிப் பலகையைத் திருப்பினான்.

"உள்ள வா," என்று ஜீவமணி வேலிப் படலைத் திறந்துவிட்டாள்.

மாடத்தி வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். கீழே பார்த்தாள். பிறகு நீலக்கோடு போட்ட அந்தச் சாக்கில் கால் படாமல் தாண்டி, பூவோடு உள்ளே போனாள்.