கோடு போனிலா, விரிப்பிலா

சித்தப்பாவின் பழைய போனில் கண்ணாடி மேலிருந்து கீழாக நேராக விரிசல் விட்டிருந்தது. அதில் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு இருக்கும். அவருடைய கல்யாணப் படத்திலேயே அவருக்கும் சித்திக்கும் நடுவில் கோடு இருந்தது. "அது அப்பவே இருந்தது" என்று சித்தி சொல்வார்.

அதனால்தான் ஓட்டல் மேனேஜரம்மா ஒரு கட்டிலின் படத்தை அனுப்பி, விரிப்பில் நடுவே கோடு விழுகிறது, தங்க வருகிறவர்கள் குறை சொல்கிறார்கள் என்று எழுதியபோது, சித்தப்பா கொஞ்சமும் கலங்கவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக் குரல் செய்தி அனுப்பினார்.

"கோடு என் போன்ல இருக்கு மேடம். துணில இல்ல."

பதில் உடனே வந்தது. "அப்ப நல்ல போன்ல பாருங்க. அடுத்த வாரம் நேர்ல வாங்க, பேசி முடிவெடுப்போம். இன்னொரு லாண்டரிக்காரரும் கேட்டுட்டிருக்கார்."

எங்கள் சலவைக்கூடத்துக்குச் சில்லறை வாடிக்கை உண்டு. சட்டை, திரைச்சீலை, எப்போதாவது ஒரு கோட்டு. ஆனால் பின்னறையை அடைத்துக்கொண்டு நிற்கும் ரோலர் மெஷின் ஓடுவது அந்த ஓட்டலின் விரிப்புகளால்தான். ஓட்டல் போனால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் மூன்று பேர் ஒரு இஸ்திரிப் பெட்டியைச் சுற்றி நிற்க வேண்டியதுதான். அதில் முதலில் வெளியே போகிறவன் நான். பிள்ளை இல்லாத வீட்டில் அண்ணன் மகன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். வேலை தெரியும் என்று அல்ல. அதற்கு முன் ராத்திரி முழுக்க விழித்திருந்து யார் யாருடைய போன் பிரச்சினைக்கோ "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லும் வேலையில் இருந்தேன். ஒரு நாள் எனக்கும் அதையே செய்துகொள்ளலாம் என்று தோன்றியது. ஆஃப் ஆனேன். திரும்ப ஆன் ஆகவில்லை. இங்கே எனக்குப் பெயர் ஆந்தை.

எங்கள் வேலை முறை எளிமையானது. ஈர விரிப்பை நான் ஒரு பக்கம் கொடுப்பேன். சூடான உருளைகளுக்கு இடையே அது நசுங்கிப்போய் மறுபக்கம் வரும். சித்தி இழுத்து மடித்து அடுக்குவார். சித்தப்பா மெஷினின் வேகக் குமிழுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேரையும் திட்டுவார். அந்தக் குமிழை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. சில மாதங்களாக அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வந்திருந்தார்.

"ஏங்க, துணி முழுசா காயாம வருது" என்று சித்தி சொல்லிப் பார்த்தார். "சூட்டோட ஈரத்தோட மடிச்சா மடிப்பு அப்படியே உக்காந்துடும்."

"மடிக்கிற கை சரியில்லைன்னா மெஷின் என்ன பண்ணும்?"

சித்தி பிறகு பேசவில்லை. சித்தியின் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி அல்ல. அது வட்டிக்கு விட்ட பணம்.

நல்ல போன் வேண்டும் என்று ஆனது. மேனேஜரம்மாவின் கையில் மடிக்கிற போன் இருந்ததைச் சித்தப்பா பார்த்திருக்கிறார். "அந்தம்மா ஓட்டல் நடத்துறவங்க. மடிக்கிறது நம்ம தொழில். நம்மகிட்ட இல்லாத மடிக்கிற போனா?" என்றார்.

கடைக்கு மூவரும் போனோம். விற்பனைப் பையன் இரண்டு போன்களைக் கண்ணாடி மேசையில் வைத்தான். ஒன்று புத்தகம்போல் திறந்தது. விரித்தால் ஒரு சிறிய தட்டு அளவு. மற்றது பவுடர் டப்பாபோல் மேலும் கீழுமாகத் திறந்தது. விரித்தால் சாதாரணப் போன், மூடினால் உள்ளங்கையில் அடங்கும்.

சித்தப்பா முதலில் எடை பார்த்தார். இரண்டு கைகளிலும் வைத்து, துணி மூட்டையை நிதானிப்பதுபோல் மாற்றி மாற்றித் தூக்கினார். பிறகு விளிம்பைத் தடவினார். பிறகு விரித்து, திரையின் நடுவில் கட்டைவிரலை மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டினார். ஓட்டலுக்கு அனுப்பும் துணியை அவர் அப்படித்தான் சோதிப்பார். சோதித்த காலத்தில்.

"தம்பி, இங்க ஒரு மடிப்பு இருக்கே."

"மடிக்கிற பொருள்னா கோடு இருக்கத்தான் செய்யும் சார். ரெண்டு நாள்ல பழகிடும். அப்புறம் கண்ணுக்கே தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதா? நான் லாண்டரி வெச்சிருக்கேன்."

பையனுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு புரியவில்லை. மற்றதன் திரையைத் தடவச் சொன்னான். அதிலும் மடிப்பு இருந்தது, குறுக்காக.

"பஞ்சு போகுமா?" என்று சித்தி கேட்டார்.

"எங்கேம்மா?"

"இந்தக் கீல் சந்துல. எங்க இடத்துல சாப்பாட்டுலயே பஞ்சு கிடக்கும்."

"தூசி கொஞ்சம் பார்த்துக்கணும்மா."

"கொஞ்சமா! நாங்க மூச்சு விடுறதே பஞ்சுதான் தம்பி."

மேனேஜரம்மாவின் படத்தைச் சித்தப்பாவிடமிருந்து என் போனில் வாங்கி வைத்திருந்தேன். அதை இரண்டு போன்களுக்கும் அனுப்பினேன். அதற்காகத்தானே வந்தோம். கட்டிலின் காலடியில் நின்று எடுத்த படம். தலையணைகள் மேலே, விரிப்பு நம்மை நோக்கி.

புத்தகப் போனில் படம் பெரிதாக, பளிச்சென்று வந்தது. கட்டிலின் நடுவில் தலையிலிருந்து கால்வரை ஒரு கோடு. அது சரியாகத் திரையின் மடிப்பின் மேல் விழுந்தது. எது எதுவென்று கடவுளுக்கே தெரியாது.

டப்பாப் போனில் படம் சிறியதாக வந்தது. திரையின் மடிப்பு இடமிருந்து வலமாக, தன்பாட்டுக்குக் கிடந்தது. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, கட்டிலின் நீளவாக்கில் இன்னொரு கோடு தெளிவாக இறங்கியது. அந்தக் கோட்டுக்கும் போனுக்கும் சம்பந்தம் இல்லை.

சித்தி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். டப்பாப் போனைச் சித்தப்பாவின் பக்கம் ஒரு விரலால் நகர்த்தினார்.

சித்தப்பா அதை ஒரு விரலால் திருப்பி நகர்த்தினார்.

"சின்னதா இருக்கு."

"சின்னதுலதாங்க தெரியுது. பெருசுல தெரியல. தெரியாததை எதுக்கு வாங்குறீங்க?"

"பெருசா பாக்கணும்னுதானே வந்தோம்?"

"பாக்கணும்னு வந்தோம்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா? உங்களுக்குக் கண்ணு வேணுமா, கண்ணாடி வேணுமா?"

பையன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான். விற்பனைப் பயிற்சியில் இந்த இடம் வந்திருக்காது. சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஆந்தை, நீ சொல்லுடா. போன்ல வேலை பாத்தவன்."

"ரெண்டுமே பஞ்சுக்கு ஆகாது சித்தப்பா."

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லேன்டா" என்றார் சித்தி. "பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல்னு நிக்கிறான் பாரு."

சித்தப்பா புத்தகப் போனை வாங்கினார். விலையைக் கேட்டதும் சித்தி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பையன் தண்ணீர் கொண்டுவந்தான்.

அடுத்து வந்த நாட்களில் போன் ஒரு தலையணை உறைக்குள் வாழ்ந்தது, பஞ்சு புகாமல் இருக்க. யாராவது அழைத்தால் சித்தப்பா உறைக்குள் கையை விட்டுத் தேடுவார், கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுவதுபோல். எடுப்பதற்குள் அழைப்பு நின்றுவிடும். வாடிக்கையாளர்களிடம் விரித்துக் காட்டுவார். எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நடுவுல கோடு இருக்கே?" அவர் ஒரே பதிலைச் சொன்னார்: "மடிக்கிற பொருள்னா இருக்கத்தான் செய்யும்." சித்தி மடித்துக்கொண்டே இருந்தார்.

ஓட்டலுக்குப் போகும் நாளில் நானும் கூடப் போனேன். வண்டியிலிருந்து துணிக்கட்டை இறக்க ஆள் வேண்டும். மேனேஜரம்மாவின் அறையில் ஒரு மேசை, ஒரு சாவிப் பலகை, உட்காராமலேயே பேசும் மேனேஜரம்மா.

"படத்தைப் பார்த்தீங்களா?"

சித்தப்பா தலையணை உறையிலிருந்து போனை எடுத்தார். மேசையில் வைத்தார். கல்யாணப் பத்திரிகையைப் பிரிப்பதுபோல் விரித்தார். படத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார்.

"நீங்களே பாருங்க மேடம். கோடு போன்ல."

மேனேஜரம்மா பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். பலகையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார்.

"வாங்க."

மாடியில் ஒரு காலி அறை. திரைச்சீலையை இழுத்துத் திறந்தார். வெளிச்சம் பக்கவாட்டில் கட்டிலின் மேல் விழுந்தது. எங்கள் விரிப்பு. நடுவில் தலையிலிருந்து கால்வரை கோடு, அளவுகோல் வைத்துப் போட்டதுபோல். அங்கே போன் எதுவும் இல்லை.

சித்தப்பா கட்டைவிரலை அதன் மேல் வைத்து ஓட்டினார். பாதியில் நின்றார். விரலால் ஒருமுறை நீவிவிட்டார். போகவில்லை. பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"மடிக்கிற பொருள்னா கோடு இருக்கத்தான் செய்யும் மேடம். ரெண்டு நாள்ல பழகிடும்."

குளியலறைக் குழாய் சொட்டியது.

"எங்க ரூம்ல யாரும் ரெண்டு நாள் தங்கறதில்லைங்க" என்றார் மேனேஜரம்மா. "இன்னிக்கு எடுத்துட்டுப் போறதை நாளைக்குக் கொண்டாங்க. விரிச்சுப் பார்க்கிறேன். கோடு இருந்தா இதோட முடிச்சுக்கலாம்."

சலவைக்கூடத்துக்குள் நுழைந்ததும் சித்தி கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"போன் நல்லா இருக்குன்னாங்க."

அழுக்குக் கட்டைப் பிரித்தோம். துவைத்தோம், பிழிந்தோம். நான் முதல் விரிப்பை உருளைக்குக் கொடுக்கப் போகும்போது சித்தப்பா குமிழருகில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஏதோ செய்தார். மெஷினின் சத்தம் இறங்கியது. உருளைகள் யோசித்து யோசித்துச் சுற்றின.

"என்னங்க, மெஷின் தூங்குதா?"

"பழசாயிடுச்சு. மெதுவாத்தான் ஓடும்."

சித்தி வெளியே வந்த விரிப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கம்பியில் போட்டு ஆறவிட்டார். அடுத்தது வந்த பிறகே முதலாவதை மடித்தார். அடுக்கின் மேல் மூட்டையை வைக்கப் போன என் கையில் ஒன்று போட்டார். "மேல வெயிட் வைக்காதடா. எத்தனை தடவை சொல்றது?" ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் பேச ஆரம்பித்திருந்தார், அதுவே போதும்.

மறுநாள் காலையில் கொண்டுபோய் இறக்கினேன். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தலையணை உறைக்குள் போன் மணியடித்தது. சித்தப்பா எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் துழாவி எடுத்தார். மேனேஜரம்மாவிடமிருந்து படம். கூட ஒரு எழுத்துகூட இல்லை. விரித்தார்.

கட்டில். தலையணைகள். நடுவில் தலையிலிருந்து கால்வரை கோடு.

"போச்சு" என்றார்.

துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மெஷினைப் பார்த்தார், அது எவ்வளவுக்குப் போகும் என்று பார்ப்பதுபோல். பிறகு என்னைப் பார்த்தார், நான் எவ்வளவுக்கும் போகமாட்டேன் என்று தெரிந்தவர்போல்.

சித்தி கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இப்படிக் குடுங்க."

வாங்கினார். பார்த்தார். போனைப் படுக்கவாட்டில் திருப்பினார்.

படமும் கூடவே திரும்பி நேராக நின்றது. கட்டில் அப்படியே இருந்தது, தலையணைகள் அப்படியே இருந்தன. கோடு மட்டும் இடம் மாறிக் குறுக்கே கிடந்தது, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, கட்டிலுக்கு வெளியே தரையிலும்கூட. தலையிலிருந்து கால்வரை விரிப்பு வெள்ளையாக, ஒன்றுமில்லாமல் இருந்தது.

"இது போனோட கோடு" என்றார் சித்தி. "துணி சுத்தமா இருக்கு."

சித்தப்பா வாங்கி, நேராகப் பிடித்தார். படுக்கவாட்டில் பிடித்தார். திரும்ப நேராக. எச்சில் கை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த செய்தி வந்து விழுந்தது: "இப்படியே அனுப்புங்க. அந்த இன்னொரு லாண்டரிக்காரரை வர வேணாம்னு சொல்லிட்டேன்."

யாரும் குதிக்கவில்லை. சித்தப்பா மூக்கை உறிஞ்சினார்.

"அந்தப் பழைய படத்தை எடுங்க" என்றார் சித்தி.

"எந்தப் படம்?"

"முதல்ல அனுப்பினாங்களே."

"அதை அழிச்சுட்டேன்."

"ஆந்தைகிட்ட இருக்கும்."

இருந்தது. அனுப்பினேன். இந்தமுறை நான் மழுப்பினேன் என்று யாரும் சொல்ல முடியாது. சித்தி போனைப் படுக்கவாட்டில் திருப்பி, சித்தப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. பெரிய கூட்டல் குறி. ஒன்று கடையில் வாங்கியது. இன்னொன்று நாங்களே செய்தது.

"பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன்."

"மடிச்ச கைலயா கோளாறு?"

சித்தப்பா போய்க் கை கழுவினார். வழக்கத்தைவிட நேரமெடுத்துக் கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். மெஷினுக்குப் பக்கத்தில் போகாமல், ஈரத் துணிக் கூடையருகில் வந்து, நான் நிற்கும் இடத்தில் நின்றார். கூடையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து உதறினார்.

"ஆந்தை" என்றார், என்னைப் பார்க்காமல். "அந்தக் குமிழை இன்னும் கொஞ்சம் குறைடா."

நான் போய்க் குறைத்தேன். சித்தி போனைப் பட்டென்று மூடி, தலையணை உறைக்குள் போட்டுவிட்டு, மறுபக்கம் போய் நின்றார்.