ரோஸ்வெல் சூப் குடித்த கதை

வடகோடிப் பனிக்கரையில் இருக்கும் எங்கள் நுவுராக்கில் எந்த வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தாலும் ஒரு ரேடியோ கரகரத்துக்கொண்டிருக்கும். பாட்டுப் போடும் ரேடியோ இல்லை. பொத்தானை அழுத்திப் பேசினால் ஊர் முழுக்கக் கேட்கிற ரேடியோ. பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுவது, கைமாற்றாகச் சர்க்கரை கேட்பது, புருஷனை வீட்டுக்கு வரச்சொல்லி அதட்டுவது எல்லாம் அதில்தான். ஒளிவுமறைவு என்று எங்கள் ஊரில் ஒன்றுமே கிடையாது.

அந்த ரேடியோவுக்கு ராணி மிர்னா. கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். நல்லவள், ஊருக்கு ஒன்று என்றால் முதலில் ஓடிவருபவள். ஆனால் ஒரு சேதி கிடைத்தால் அதை வாயில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம் அவளால் இருக்க முடியாது. வாயில் நெருப்பை வைத்ததுபோலத் தவித்துப்போவாள்.

ஏப்ரல் மாதம் அது. பனியில் பட்டுத் தெறிக்கிற வெயிலில் பிள்ளைகள் எல்லாம் முகம் கறுத்துத் திரிந்தார்கள். குளிர்காலம் போய்விட்டது என்று ஆளாளுக்கு நம்பியிருந்த நேரம். லொரீனாவின் புருஷன் ரோஸ்வெல் முந்தாநாள் இம்னாக்குக்குப் போயிருந்தான். கடற்கரையோடு போனால் அடுத்த ஊர் அதுதான். அங்கே இருக்கும் லொரீனாவின் பெரியம்மாவுக்கு மான் இறைச்சி கொடுத்துவிட்டு, கடல்நாய் எண்ணெய் வாங்கிவர வேண்டும். அன்று காலை அவனே ரேடியோவில் வந்தான்.

"லொரீனா, நான் கிளம்பிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன். நல்லி எலும்ப எனக்கு எடுத்து வை."

"எலும்பு மட்டும்தான் மிஞ்சும், சீக்கிரம் வா" என்றாள் லொரீனா. ஊரே கேட்டுச் சிரித்தது.

சாயங்காலம்தான் புயல் என்று சொல்லியிருந்தார்கள். அது யார் சொன்னதைக் கேட்டது? உலையில் போட்ட இறைச்சி வேகும் முன்னமே வந்துவிட்டது. மாவு மூட்டையைக் கிழித்து முகத்தில் கொட்டினதுபோல ஊர் வெளுத்துப்போயிற்று. வானம் எது, தரை எது, கடல் உறைந்து கிடப்பது எந்தப் பக்கம் என்று வாசலில் நின்றவனுக்கே தெரியவில்லை. கைப்பேசிகள் செத்துப்போயின. குன்றின் மேல் இருக்கும் ரேடியோக் கோபுரம் மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்து, இரண்டு ஊர் ரேடியோவையும் விட்டுவிட்டுச் சேர்த்துவைத்தது.

மத்தியானம் ஆயிற்று. ரோஸ்வெல் வரவில்லை. அவனுடைய கை ரேடியோவைக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. அதற்குள் ரேடியோவில் ஒரே குழப்பம். அவன் கிளம்பவே இல்லை என்றாள் ஒருத்தி. கிளம்பினதை நானே கேட்டேன் என்றான் ஒருவன். பாதி வழியில் திரும்பியிருப்பான் என்றது இன்னொரு குரல். ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்து, யார் எதைச் சொல்கிறார்கள் என்றே புரியாமல் லொரீனா அடுப்பை அணைத்துவிட்டு ரேடியோ முன்னால் நின்றுகொண்டே இருந்தாள்.

அப்போது காற்று கொஞ்சம் ஓய்ந்தது. பாதையோரம் நட்டிருக்கும் கம்புகள் ஒன்றிரண்டு கண்ணுக்குத் தெரிந்தன. தேடிப்போகிற குழுவுக்குத் தலைவன் டெல்பர்ட். குழு என்றால் சம்பளக்காரர்கள் இல்லை, ஊர் ஆட்கள்தான். அவன் பனிவண்டிகளைக் கிளப்பிச் சூடேற்றி வைத்துவிட்டு ரேடியோவில் சொன்னான்.

"கிளம்பறோம், லொரீனா. காத்து திரும்ப ஏறுறதுக்குள்ள பாதைய ஒரு பார்வை பாத்துடறோம். தைரியமா இரு."

வண்டி வாசலைத் தாண்டவில்லை. மிர்னாவின் குரல் குறுக்கே பாய்ந்தது.

"எல்லாரும் கேளுங்க! எல்லாரும் கேளுங்க! நல்ல சேதி! ரோஸ்வெல் பத்திரமா இருக்கான். இம்னாக்குக்கே திரும்பிட்டானாம். அடேய் டெல்பர்ட், வண்டிய அணைச்சிட்டுப் போய்க் காப்பி குடிங்கடா சாமி!"

டெல்பர்ட் பெருமூச்சு விட்டு வண்டியை அணைத்தான். அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வெள்ளைக்குள் நுழைய யாருக்கு ஆசை?

லொரீனா தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். பிறகு எழுந்து பொத்தானை அழுத்தி ஊருக்கெல்லாம் நன்றி சொன்னாள். ஊரும் விடவில்லை. சேதிக்குக் கை கால் முளைத்தது. பள்ளிக்கூடத்தில்தான் ஜனங்களைத் தங்கவைத்திருக்கிறார்களாம், ரோஸ்வெல்லும் அங்கேதானாம் என்றாள் எட்னா. சூப் குடிக்கிறானாம் என்றது ஒரு குரல். ரெண்டு கிண்ணமாம் என்றது மற்றொன்று. வயிறு ரொம்பியதும் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டானாம். எல்லோருக்கும் சந்தோஷம், சிரிப்பு.

லொரீனாவும் சிரித்தாள். ஆனால் மனசில் ஏதோ இடறியது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பயணம் போனவன் எந்த ஊர் போய்ச் சேர்ந்தாலும், கையுறையைக் கழற்றுவதற்கு முன்னால் ரேடியோவில் தன் வாயால் 'வந்துட்டேன்' என்று சொல்ல வேண்டும். ரோஸ்வெல் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. இன்றைக்கு ஊரே அவனுக்காகப் பேசிற்று, அவன் மட்டும் பேசவில்லை.

"அவர கொஞ்சம் ரேடியோகிட்ட வரச்சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"அடிப் போடி! அலுத்துத் தூங்கற மனுசன எழுப்பணுமா? கல்யாணமாகி இத்தன வருஷத்துக்கப்புறமும் புதுப்பொண்ணு மாதிரி துடிக்கிறா பாரு!" என்றாள் மிர்னா. ரேடியோ முழுக்கக் கொல்லென்று சிரிப்பு.

லொரீனாவுக்கு வெட்கமாகிவிட்டது. பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள். நமக்குத்தான் பைத்தியமோ, இத்தனை பேர் சொல்கிறார்களே என்று தன்னையே அடக்கிக்கொண்டாள். அதற்குள் காற்று மறுபடி ஏறியது. கம்புகள் மறைந்தன. ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. எடுத்துவைத்த எலும்பு தட்டில் ஆறிக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. அங்கியை மாட்டிக்கொண்டு, வீட்டுக்கு வீடு கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துத் தடவித்தடவி மிர்னா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மிர்னா எண்ணெயில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். "இந்தக் காத்துல ஏண்டி வந்தே?"

"ரோஸ்வெல்லப் பாத்தது யாரு? சொல்லுக்கா. பேரு சொல்லு."

"ஊரே சொல்லுதே!"

"ஊருக்குக் கண்ணு இல்ல. யாரு பாத்தா?"

மிர்னா விழித்தாள். எட்னாதான் சொன்னாள் என்றாள். லொரீனா அங்கேயே அவளுடைய ரேடியோவை எடுத்து எட்னாவைக் கூப்பிட்டாள். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

"நான் எங்க பாத்தேன்? இங்கதானே இருக்கேன்" என்றாள் எட்னா. "இம்னாக்குல ஹோமர் பாத்தாராம். அங்க வந்துட்டான் போலன்னுதான் நான் சொன்னேன்."

கோபுரம் உயிர் பிடித்து ஹோமர் கிடைக்கும்வரை லொரீனா அவர் பேரையே திரும்பத்திரும்பக் கூப்பிட்டாள். ஹோமர் வயசாளி. ஜன்னலோரமே கதி என்று இருப்பவர்.

"மாமா, நீங்க யாரப் பாத்தீங்க?"

"உன் வீட்டுக்காரனத்தாம்மா. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனான். நீலத்துல மஞ்சப் பூப்போட்ட அங்கி. அத இந்தக் கரையில வேற எவன் போட்டிருக்கான்? உன் தையல் எனக்குத் தெரியாதா?"

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்களுக்கு மனுஷனை முகத்தால் தெரியாது. பாதி வருஷம் முகம் அங்கியின் ரோம ஓரத்துக்குள்தானே இருக்கிறது? அங்கியைப் பார்த்தால் ஆளைச் சொல்லுவோம். ஒரு வீட்டுப் பெண் தைத்த பூவும் ஓரமும்தான் எங்களுக்கு அடையாளம்.

"முகத்தப் பாத்தீங்களா?"

"முகம் எங்கம்மா தெரியுது இந்தக் காத்துல?"

"தலை மறைப்போட ஓரத்துல ரோமம் இருந்துச்சுல்ல, அது என்ன நிறம், மாமா?"

"வெள்ளை. வெள்ளை நரி ரோமம்."

லொரீனா கண்ணை மூடிக்கொண்டாள். "ரோஸ்வெல்லோடது ஓநாய் ரோமம் மாமா. சாம்பல் நிறம். அந்தப் பூத்துணி மீந்துச்சுன்னு எங்க பெரியம்மா பேரன் வில்பருக்கு ஒண்ணு தச்சு, இந்தத் தடவதான் குடுத்தனுப்பினேன். நீங்க பாத்தது அவன."

ஆளாளுக்கு ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் 'மாதிரி இருந்துச்சு' என்றுதான் சொன்னேன் என்றார் ஹோமர். பள்ளிக்கூடத்தில் சூப் கொடுக்கிறார்கள் என்றுதான் சொன்னேன், அவன் குடித்தான் என்றா சொன்னேன் என்றது ஒரு குரல். ஒருவரும் பொய் சொல்லவில்லை! கைக்குக் கை மாறும்போது 'போல' ஒரு வீட்டில் விழுந்துபோயிற்று, 'மாதிரி' இன்னொரு வீட்டில். அவ்வளவுதான். அதற்கு ஒரு மனுஷன் பனியில் கிடந்தான்.

டெல்பர்ட் அந்தக் காற்றிலேயே ஆட்களோடு புறப்பட்டான். வண்டிக்கு வண்டி கயிறு கட்டிக்கொண்டு போயும் முதல் கம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மூக்கும் கன்னமும் குளிரில் வெந்துபோய் மிர்னா வீட்டுக்கே திரும்பி வந்தார்கள். "மத்தியானமே போயிருந்தா பாதை தெரிஞ்சிருக்கும்" என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. மிர்னா மூலையில் நின்று, "நான் நல்லதுதானே சொன்னேன்? சந்தோஷமா இருக்கட்டும்னுதானே சொன்னேன்?" என்று திரும்பத்திரும்பக் கேட்டாள். லொரீனாவுக்கு அவளைத் திட்டக்கூடத் தெம்பில்லை.

விடிந்தபோது காற்று ஒன்றும் நடக்காததுபோல அடங்கியிருந்தது. ரோஸ்வெல் ஊருக்கு ரொம்பத் தூரத்தில்கூட இல்லை. வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. பின்னால் கட்டி இழுத்துவந்த சறுக்குவண்டியைச் சாய்த்துவைத்து, அதன் அடியில் பனியைத் தோண்டிப் படுத்திருந்தான். உயிர் இருந்தது. விமானத்தில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள். வலது கையில் மூன்று விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

வாத்துகள் திரும்பி வருகிற காலத்தில்தான் அவனும் திரும்பி வந்தான். விமானம் இறங்கின கொஞ்ச நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்தார்கள். மிர்னா ரொட்டித் தட்டோடு வாசலிலேயே நின்றாள். உள்ளே வரலாமா கூடாதா என்று அவளுக்குக் குழப்பம்.

"உள்ள வாக்கா. சூப் இல்லையா?" என்றான் ரோஸ்வெல்.

யாரும் சிரிக்கவில்லை. டெல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

"உனக்கு எப்படிடா சூப் விஷயம் தெரியும்? லொரீனா சொன்னாளா?" என்று கேட்டாள் மிர்னா.

லொரீனா இல்லை என்று தலையசைத்தாள்.

"கை ரேடியோ என் சட்டைக்குள்ளதானே இருந்துச்சு" என்றான் ரோஸ்வெல். "குளிருல பேட்டரி செத்துக்கிட்டிருந்துச்சு. கேக்கறதுக்குத் தெம்பு இருந்துச்சு, பேசறதுக்குத் தெம்பு இல்ல. நீங்க பேசினது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு. நான் பேசினதுதான் யாருக்கும் கேக்கல."

அவன் எல்லோரையும் பார்த்துத் தொடர்ந்தான்.

"டெல்பர்ட் கிளம்பறேன்னான். அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் அக்கா வந்து வண்டிய அணைக்கச் சொன்னா. பொத்தான அமுக்கிக் கத்தினேன், 'நான் இங்க இருக்கேன், இங்கதான் இருக்கேன்'னு. நீங்க சிரிச்சிட்டிருந்தீங்க. ரெண்டு கிண்ணம் சூப்புன்னதும் எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் தலையில என்னமோ ஆச்சு. எது நிஜம்னு பிடிபடல. இத்தன பேரு சொல்றாங்களே, நான் பள்ளிக்கூடத்துலதான் இருக்கேனோ, இந்தப் பனிதான் கனவோன்னு தோணுச்சு. ஒடம்பு கதகதன்னு ஆயிடுச்சு. சூப் வாசனகூட வந்துச்சுக்கா, சத்தியமா. உள்ள வந்தாச்சே, இனி எதுக்குன்னு கையுறையக் கழட்டிட்டேன்."

அவன் கையைத் தூக்கிக் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

மிர்னா தட்டைக் கீழே வைத்தாள். ஓவென்று அழுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவள் நேரே போய் லொரீனாவின் ரேடியோவை எடுத்தாள். குரல் உடைந்தாலும் பேச்சு உடையவில்லை.

"எல்லாரும் கேளுங்க. நான் மிர்னா. ரோஸ்வெல் பத்திரம்னு சொன்னது நான்தான். நான் பாக்கல. பாத்தவன நான் கேக்கவும் இல்ல. நல்ல சேதிதானே, சொன்னா என்ன குத்தம்னு நெனச்சேன். இப்பத்தான் புத்தி வந்துச்சு. கெட்ட சேதியக் கேட்டா மனுசன் பதறி ஓடிப்போய்ப் பாப்பான். நல்ல சேதியக் கேட்டா உக்காந்துடுவான். அதனால நல்ல சேதியத்தான் ரெண்டு தடவ விசாரிக்கணும். இனிமே நானே வந்து சொன்னாலும் 'நீ பாத்தியா, அந்த ஆளு பேசக் கேட்டியா'ன்னு என் மூஞ்சிக்கு நேரா கேளுங்க. கேட்டவங்களப் பாத்துச் சிரிக்காதீங்க. அன்னிக்கு லொரீனா கேட்டா. நான்தான் சிரிச்சு அவ வாய அடைச்சேன்."

தூரத்துக் கரகரப்புக்குள்ளிருந்து ஹோமரின் குரல் வந்தது. "சரிம்மா. கேட்டுட்டேன். ஆமா, ரோஸ்வெல் ஊருக்கு வந்துட்டான்னு இங்க சொல்றாங்களே, வந்துட்டானா?"

மிர்னா பொத்தானை அழுத்தி வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டு ரேடியோவை ரோஸ்வெல்லிடம் நீட்டினாள். அவன் அதை இடது கையில் வாங்கிக்கொண்டு, வலது கையில் மிச்சமிருந்த விரலால் பொத்தானை அழுத்தினான்.

"ஹோமர் மாமா, நான் ரோஸ்வெல் பேசறேன். வீட்டுக்கு வந்துட்டேன்."