ஒரே ஒரு பூந்தொட்டி

இயற்பியல் கணக்கைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள், "எந்த ஃபார்முலா டீச்சர்?" என்று கேட்டுவிடும் வகுப்பு அது. கணக்கை யாரும் படித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அலுத்துப்போன டீச்சர், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் நாத்தனாரிடம் புலம்பினாள். நாத்தனார் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஒரு பாடம் செய்து கொடுத்தாள்.

திரையில் ஒரு பேருந்து வரும். அதன் வேகமும், பிரேக் பிடித்தால் அது குறையும் விதமும் எழுதியிருக்கும். நிறுத்தத்துக்கு எத்தனை மீட்டர் முன்னால் பிரேக்கை மிதிக்க வேண்டும்? தப்பாகச் சொன்னால் சிவப்புக் குறியெல்லாம் வராது. சொன்னபடியே பேருந்து ஓடும். நிறுத்தத்தைத் தாண்டினால் எதிரே பூச்செடிக் கடை.

"தப்பு எவ்வளவு பெரிசுன்னு கண்ணால பாக்கட்டும் அண்ணி," என்றாள் நாத்தனார்.

பார்த்தார்கள். முதல் தப்பிலேயே தொட்டிகள் நாலாபக்கமும் பறந்தன. வகுப்பு விசிலடித்தது. அப்புறம் கணக்குப் போட யாருக்கு மனசு வரும்?

"பூஜ்ஜியம் போடுடா, கூரையே பிச்சுக்கிட்டுப் போகும்!"

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வந்துவிட்டார். "இங்க என்ன சந்தையா நடக்குது?"

வீட்டுக்கு வந்த டீச்சரின் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது.

"கடையை எடுத்துடவா அண்ணி?"

டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் யோசித்தாள். "வேண்டாம்மா. இடிக்கிறதுதானே பிடிச்சிருக்கு? இடிக்கட்டும். ஆனா முதல் தொட்டி மட்டும்தான் விழணும். ரெண்டாவது தொட்டி மேல படவே கூடாது. ஒவ்வொரு தடவையும் வேகம் மாறணும்."

"பாவம் அண்ணி அந்தப் பிள்ளைங்க!" என்று சிரித்துக்கொண்டே நாத்தனார் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

மறுநாள் குத்துமதிப்பு எடுபடவில்லை. பேருந்து தொட்டிக்கு வெகு முன்னாலேயே நின்றது. இல்லையென்றால் கடை தரைமட்டமானது. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கி, தலைகள் காகிதத்தின் மேல் கவிழ்ந்தன.

"வேகம் ரெண்டு மடங்குன்னா தூரமும் ரெண்டு மடங்குதானே?"

"அப்படிப் போட்டுத்தானேடி கடையே போச்சு!"

வாயாடி என்று பெயரெடுத்த பெண் பென்சிலைக் கடித்தபடி சாலையை வரைந்து பார்த்தாள். சட்டென்று துள்ளினாள். "நாலு மடங்குடி! வேகத்தை வேகத்தாலயே பெருக்கணும்ல!"

பேருந்து கிறீச்சிட்டு வந்தது. முதல் தொட்டி மட்டும் சாய்ந்து, தயங்கி, விழுந்தது. வாயாடி பெஞ்சின் மேல் ஏறிவிட்டாள். டீச்சருக்கும் கூடவே ஏறிவிடலாம் போலிருந்தது.

அப்போதுதான் வாசலில் தலைமையாசிரியை நிற்பதைப் பார்த்தார்கள். "இவ்வளவு நேரம் சத்தமே இல்லையேன்னு பயந்துதான் வந்தேன். எங்க, நானும் ஒண்ணு போடறேன். இருபது!"

கடை சுக்குநூறானது. ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. அவரே முதலில் சிரித்தார்; அதற்குப் பிறகு வகுப்பைக் கையில் பிடிக்க முடியவில்லை.

வாயாடி பெஞ்சில் இடம் விட்டுப் பென்சிலை நீட்டினாள். "முதல்ல படம் போட்டுக்கோங்க மேடம்."

மணி அடித்தது. அடுத்த பாடத்துக்கு வந்த தமிழாசிரியர் வாசலில் தயங்கி நின்றார்.

"கொஞ்சம் இருங்க சார்," என்றார் தலைமையாசிரியை, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் ஒரே ஒரு தடவை."